குதிரைக்கொம்பும் கைமீராவும்

தீபாவளிக்கு முந்தின இரவு சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் படுக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிறோம். நல்ல தச்சர் கிடைப்பது குதிரைக்கொம்பு, கலப்படமில்லாத நல்லெண்ணெய் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனால் அந்த ரயில் காலியாகப் போவதில்லை. ஆயிரம் பேருக்கு மேல் அதில் படுத்துக்கொண்டுதான் ஊர் போய்ச் சேருகிறார்கள். நல்ல தச்சரும் எங்கோ ஒரு வீட்டில் கதவு இழைத்துக்கொண்டிருக்கிறார். குதிரைக்கு மட்டும்தான் இன்றுவரை கொம்பு முளைக்கவில்லை.

அடியோடு இல்லாத ஒன்றின் பெயரை, இருந்தும் எளிதில் கைக்கு வராத ஒன்றுக்கு வைத்துவிட்டோம். வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இது எப்படி நடந்தது என்பது தெரியும். இன்றைய பேச்சில் குதிரைக்கொம்பு பெரும்பாலும் ‘கிடைப்பது’ என்ற சொல்லின் தோளில் ஏறித்தான் வருகிறது. ‘இருப்பது குதிரைக்கொம்பு’ என்று யாரும் சொல்வதில்லை. இருத்தலைப் பற்றிய சொல் கிடைத்தலைப் பற்றியதாக மாறியபோது, ‘இல்லை’ என்ற பொருள் ‘அரிது’ என்று இளகிப்போனது. பேச்சில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. அறிக்கையிலும் கோப்பிலும் ஒப்பந்தத்திலும் இந்த இளக்கம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

இல்லாத கொம்பை வைத்துச் சிந்திப்பது இந்தியத் தருக்க மரபில் மிகப் பழைய பழக்கம். அங்கே அதிகம் அடிபட்ட விலங்கு முயல். குதிரையும் கழுதையும் அதற்குத் துணைக்கு வரும். முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, ஆமைமயிர், மலடியின் மகன் என்று வடமொழித் தருக்க நூல்களில் ஒரு வரிசையே உண்டு. நீதி சதகம் பாடிய பர்த்ருஹரி, மணலில் எண்ணெய் பிழிவதையும் கானல் நீரில் தாகம் தீர்ப்பதையும் முயற்கொம்பைத் தேடி எடுப்பதையும்கூடச் செய்துவிடலாம், பிடிவாதம் பிடித்த மூடனின் மனத்தைத் திருப்திப்படுத்த முடியாது என்று பாடினார். இந்த வரிசையில் மலடியின் மகன் இன்று வழக்கொழிந்துவிட்டான். ஒழிந்தது நல்லதே, ஒரு பெண்ணின் துயரத்தைத் தருக்கத்துக்கு எடுத்துக்காட்டாக்கிய மரபு அது. ஆகாயத்தாமரையைக் கன்னடம் ‘ககன குசும’ என்றும் மலையாளம் ‘ஆகாச குசுமம்’ என்றும் இன்னும் பேச்சில் வைத்திருக்கின்றன. நாம் குதிரைக்கொம்பைப் பிடித்துக்கொண்டோம். வறட்டுப் பிடிவாதக்காரனைச் சொல்லும்போது நமக்கும் தெலுங்கர்களுக்கும் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மலையாளிகளுக்கோ அதே முயலுக்கு மூன்று கொம்பு.

தமிழில் இந்தக் கொம்பை முறையாக ஆராய்ந்த நூல் மணிமேகலை. வஞ்சி மாநகரில் பல சமயத்தாரின் கொள்கையைக் கேட்கும் மணிமேகலைக்கு அளவைவாதி, அறிவு பிழைபடும் வழிகள் எட்டைச் சொல்கிறான். அவற்றில் ஒன்றின் பெயர் இல்வழக்கு. பொருள் எங்கும் கிடையாது, சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் மனத்தில் ஏதோ தோன்றிவிடுகிறது, முயற்கோடு போல. பின்னால் அறவண அடிகள் உள்ளது, இல்லது என்பவற்றை வைத்து வழக்குகளை ஆறாகப் பகுக்கும்போதும் அதே முயலின் கொம்பு வருகிறது. இல்வழக்கு என்ற சொல்லை நாம் கைவிட்டது பெரிய இழப்பு என்றே சொல்வேன். சொல் இருப்பதாலேயே பொருளும் இருக்கும் என்று நம்பிவிடும் நோய்க்கு இதைவிடத் துல்லியமான பெயர் நம்மிடம் இல்லை.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதியவர்கள் இதையே இலக்கணக் கேள்வியாக எடுத்துக்கொண்டார்கள். இல்லாத ஒன்றை இல்லையென்று எப்படிச் சொல்வது? அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு அழகானது: பவளத் தந்தமுள்ள நீல நிற யானை. அது சாதவாகனனின் அரண்மனையிலும் இல்லை என்று சொல்லவேண்டுமாம். சும்மா ‘இல்லை’ என்றால் இங்கே இல்லை, வேறெங்காவது இருக்கலாம் என்று கேட்பவன் எடுத்துக்கொள்வான். சாதவாகனன் அரண்மனையில் இல்லாதது உலகத்தில் எங்குமே இருக்காது. அந்த வேலையைச் செய்வது ‘இலும்’ என்பதில் உள்ள ஓர் உம். இல்லாமைக்கும் அருமைக்கும் நடுவே ஓர் இடைச்சொல்லால் வேலி போட்டவர்கள் நம் உரையாசிரியர்கள்.

அந்த வேலியை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டிய சொல்லும் உண்டு. ‘அரிது’ என்பதற்கு நமக்குத் தெரிந்த பொருள் கடினம், அபூர்வம். திருக்குறளின் கடவுள் வாழ்த்தில் ஏழாம் குறளுக்கு உரை எழுதும் பரிமேலழகர், அங்கே வரும் ‘அரிது’ என்பதற்குக் கடினம் என்று பொருள் கொள்ளவில்லை. இங்கே அருமை என்பது இன்மையைக் குறித்து நின்றது என்று தனியாகக் குறிப்பு எழுதுகிறார். ஒப்பற்றவனின் தாளைச் சேராதவர்க்கு மனக்கவலை நீங்குவது கடினம் என்பதல்ல, நீங்கவே நீங்காது என்பது அவர் கொண்ட பொருள். ஆக அன்று ‘அரிது’ என்று சொல்லி ‘இல்லை’ என்று பொருள் கொண்டார்கள். இன்று இல்லாத கொம்பைச் சொல்லி ‘அரிது’ என்று பொருள் கொள்கிறோம். இரண்டு சொற்களும் ஒரே பாலத்தில் எதிரெதிரே நடந்து போயிருக்கின்றன.

உண்மையிலேயே அபூர்வமானதைச் சொல்லத் தமிழில் வேறு வழி இல்லாமலில்லை. ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். ஓர் அத்திக்காயை எடுத்து நடுவே கத்தியால் பிளந்து பாருங்கள். உள்சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் காய் என்று நினைப்பது பூங்கொத்தைத்தான். உள்முகமாகச் சுருட்டி வாயைச் சின்னத் துளையாக விட்டு மூடிய பை அது. கொசுவைவிடச் சிறிய குளவி அந்தத் துளை வழியே புகுந்து மகரந்தம் சேர்க்கிறது. அத்தி ஒவ்வொரு பருவத்திலும் கொத்துக்கொத்தாகப் பூக்கிறது. நம் கண்ணுக்குத்தான் படவில்லை. பௌத்த நூல்களும் உதும்பரம் என்ற இந்த அத்தியின் பூவைத்தான் புத்தர் தோன்றுவதன் அருமைக்கு உவமையாக்கின. இன்மைக்கும் அருமைக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றையும் வைக்க வேண்டியிருக்கிறது: இருப்பது, ஆனால் பார்க்கத் தெரியாதது.

குதிரைக்கொம்பின் கதையிலும் ஒரு வேடிக்கை உண்டு. இந்தியத் தருக்கவாதிகள் இல்லாததற்கு எடுத்துக்காட்டாக விலங்குகளுக்குக் கொம்பு ஒட்டினார்கள், கிரேக்கர்களோ கொம்புள்ள குதிரை இந்தியாவில் இருக்கிறது என்று நம்பினார்கள். பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த டெசியஸ் கி.மு. 400 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், குதிரை அளவுள்ள, வெள்ளை உடலும் நெற்றியில் ஒற்றைக் கொம்பும் கொண்ட காட்டுக் கழுதைகளை வருணிக்கிறார். அவர் இந்தியாவுக்கு வந்தவரல்ல. காண்டாமிருகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைக் கலந்து எழுதியிருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஐரோப்பாவில் அந்தக் கற்பனை விலங்கின் கொம்பு என்று சொல்லி, வடகடலின் நார்வால் திமிங்கிலத்தின் நீண்ட பல்லை நூற்றாண்டுக் கணக்கில் விற்றார்கள். இல்வழக்குக்கும் சந்தை விலை உண்டு.

முயலுக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் தலையில் கொம்பு போல் முளைத்த காட்டு முயல்கள் அவ்வப்போது வேட்டைக்காரர்களுக்கு அகப்பட்டன. ரிச்சர்ட் ஷோப் என்ற மருத்துவ ஆய்வாளர் அவை ஒரு வைரஸால் உண்டாகும் தோல் கட்டிகள் என்று 1933இல் காட்டினார். கெரட்டினால் ஆன, கறுத்து நீண்ட வளர்ச்சி அது. எலும்பில் வேரூன்றிய கொம்பு அல்ல. தருக்கவாதிகள் பிழைத்துக்கொண்டார்கள், மயிரிழையில்.

இல்லாதவற்றை இத்தோடு விடுவோம். ‘நடைமுறைக்கு ஒத்துவராது’ என்று ஒரு திட்டத்தையோ யோசனையையோ தள்ளும்போது நாம் சொல்வது வேறு விஷயம். திட்டம் இருக்கிறது, தாளில் அழகாகவும் இருக்கிறது. செய்யப் போனால் நடக்காது. இதற்குத் தமிழில் பொருத்தமான பெயர் ஏட்டுச் சுரைக்காய். அது கறிக்கு உதவாது. சுரைக்காய் இல்லாத பொருளல்ல. கொல்லைப் பந்தலில் தொங்குவது, ஏழை வீட்டுக் காய். அதன் உருவம் ஏட்டில் எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் அடுப்பில் வைக்க முடியாது என்பதுதான் குறை. குதிரைக்கொம்பில் குறை பொருளில் இருக்கிறது. சுரைக்காயில் குறை இடத்தில் இருக்கிறது. எழுத்திலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். ‘குதிரை’ என்று எழுதிப் பாருங்கள். கடைசி எழுத்தில் ரகரத்துக்கு முன்னால் நிற்கும் குறிக்கு ஐகாரக் கொம்பு, இணைக்கொம்பு என்றெல்லாம் பெயர். தமிழ் ஏட்டில் குதிரைக்குக் கொம்பு இருக்கிறது, லாயத்தில்தான் இல்லை.

சீனர்களும் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார்கள். புகழைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதே, புகழ் என்பது தரையில் வரைந்த பலகாரம், தின்ன முடியாது என்று மூன்றாம் நூற்றாண்டில் வெய் நாட்டு மன்னன் தன் அமைச்சரிடம் சொன்னதாக அவர்கள் வரலாறு சொல்கிறது. வரைந்த பலகாரத்தால் பசியாறுவது என்ற தொடர் இன்றும் வழக்கில் உள்ளது. காகிதத்தில் போர் நடத்துவது என்று இன்னொரு தொடரும் உண்டு. அதன் பின்னணி கசப்பானது. ஜாவ் நாட்டுத் தளபதியின் மகன் ஜாவ் குவோ போர்க்கலை நூல்களைக் கரைத்துக் குடித்தவன். விவாதத்தில் தந்தையால்கூட அவனை மடக்க முடியவில்லை. ஆனாலும் தந்தை அவனை நம்பவில்லை. கி.மு. 260இல் சாங்பிங் போரில் படைத்தலைமை அவன் கைக்கு வந்தது. அவன் இறந்தான், சரணடைந்த வீரர்கள் நான்கு லட்சம் பேர் புதைக்கப்பட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதுகிறார். எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை, தோல்வியை நம்பலாம். அந்தக் காலத்தில் சீனாவில் காகிதமே புழக்கத்தில் இல்லை, மூங்கில் பட்டைகள்தாம். தொடர் பிற்காலத்தில் உருவானது என்பதற்குக் காகிதமே சாட்சி.

மணற்கயிறு என்ற நம்முடைய சொல்லும் இந்த வகைதான். மணலும் உண்டு, கயிறு திரிக்கும் கலையும் உண்டு, இரண்டையும் சேர்க்கத்தான் முடியாது. 1982இல் விசு இந்தப் பெயரில் எடுத்த படத்தில், மணமகள் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று கிட்டுமணி எட்டு நிபந்தனைகள் போடுவான். தனித்தனியாகப் பார்த்தால் எந்த நிபந்தனையும் குதிரைக்கொம்பு அல்ல. எட்டையும் ஒரே பெண்ணிடம் எதிர்பார்ப்பதில்தான் மணல் உதிர்கிறது. நிறைவேறாத அரசுத் திட்டங்களைப் புரட்டினால் பலவற்றின் நோய் இதுதான் என்று தோன்றுகிறது: ஒவ்வொரு பத்தியும் நியாயமானது, மொத்தம் மணற்கயிறு.

இப்போது கைமீராவுக்கு வருவோம். நாம் குதிரைக்குக் கொம்பு வைத்ததுபோல் கிரேக்கர்கள் சிங்கத்துக்கு ஆடு வைத்தார்கள். ஹோமரின் இலியட் ஆறாம் காண்டத்தில் வரும் கைமீரா முன்பக்கம் சிங்கம், பின்பக்கம் பாம்பு, நடுவே ஆடு, வாயில் நெருப்பு. இத்தாலியின் அரெட்சோவில் 1553இல் தோண்டியெடுத்த வெண்கலச் சிலை இப்போது பிளாரன்ஸ் தொல்பொருள் காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சிங்கத்தின் முதுகிலிருந்து கொம்போடு ஓர் ஆட்டுத் தலை எழுந்து நிற்கும். இந்த விலங்கின் பெயரிலிருந்து ஆங்கிலம் ‘கைமெரிக்கல்’ என்று ஓர் அடைமொழி செய்துகொண்டது. வெறும் மனக்கற்பனை, நடக்கவே நடக்காதது என்று பொருள். அந்த அடைமொழி ஒருமுறை தமிழ்நாட்டு விவசாயத்தின் தலைமேல் வந்து விழுந்தது.

மேற்கு மலையில் பெய்யும் மழையை வாங்கிக்கொண்டு பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிறது. மலைக்குக் கிழக்கே வைகைப் பாசனம் தண்ணீருக்கு ஏங்குகிறது. மேற்கே ஓடும் தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்ற யோசனை வெள்ளைக்காரப் பொறியாளர்களிடம் தோன்றியதல்ல. இராமநாதபுரம் சேதுபதி முத்துராமலிங்கரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789லேயே ஆட்களை மலைக்கு அனுப்பி விசாரித்தார். பணம் மிக அதிகமாகும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் அது: செய்யலாம், கட்டுப்படியாகாது.

1808இல் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் கால்டுவெல் அதே இடத்தைப் பார்வையிட்டார். மலையில் 100 அடிக்கும் மேல் ஆழமாக வெட்டவேண்டியிருக்கும் என்று கண்டார். அறிக்கையில் இந்தத் திட்டம் ஐயத்துக்கிடமில்லாமல் ‘கைமெரிக்கல்’, இனி இதைக் கருதவேண்டிய அவசியமே இல்லை என்ற கருத்தில் எழுதி முடித்தார். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் உள்ளூர்ப் பிரதானி ‘அரிது’ என்று சொன்ன ஒன்றை இவர் ‘இல்லை’ ஆக்கினார். பொறியியல் கணக்கு ஒரு புராண விலங்காக மாறிவிட்டது. கணக்கு என்றால் அடுத்தவர் சரிபார்க்கலாம். இத்தனை அடி ஆழம், இத்தனை ஆள், இத்தனை ரூபாய் என்று இருந்தால், விலை இறங்கும்போதோ கருவி மாறும்போதோ ஒருவர் அதை மறுபடி எடுத்துப் போட்டுப் பார்க்க முடியும். கைமீராவைச் சரிபார்க்க முடியாது.

கால்டுவெல் மூடரல்ல. அவர் பார்த்த 1808இல் மலையைப் பிளக்க உளியும் கறுப்பு வெடிமருந்தும்தான். நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றது 1867இல். அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பான்களை வைத்து ஆல்ப்ஸ் மலையில் குடைந்த மோன் செனீ சுரங்கத்தைத் திறந்தது 1871இல். அவர் அறிக்கை அந்த ஆண்டுக்குச் சரியாக இருந்திருக்கலாம். ‘இனி எப்போதும்’ என்று சேர்த்துக்கொண்டதுதான் சொல்லின் குற்றம். முடியாது என்பது எப்போதும் தேதியிட்ட சொல். கைமீராவுக்குத் தேதி கிடையாது.

அதற்குப் பிறகும் யோசனை சாகவில்லை. 1850இல் மண்ணால் ஓர் அணை கட்டத் தொடங்கினார்கள். காய்ச்சலுக்குப் பயந்த கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள், வேலை நின்றது. 1860களில் மேஜர் ரைவ்ஸ் வேறொரு திட்டம் வரைந்தார். 1876-78 பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற பிறகு தண்ணீரின் விலையே வேறு கணக்கானது. முத்திருளப்ப பிள்ளைக்குக் கட்டுப்படியாகாத தொகை, பஞ்ச நிவாரணச் செலவைப் பார்த்த சென்னை அரசுக்குக் கட்டுப்படியாகத் தொடங்கியது. 1882இல் பொறியாளர் ஜான் பென்னிகுயிக் பொறுப்பேற்றுத் திருத்திய திட்டம் தயாரித்தார்.

இன்னொரு தடையும் இருந்தது. அதைக் கால்டுவெல்லின் சொல்லால் விளக்கவே முடியாது. ஆறு ஓடிய நிலம் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு உரியது. மலை குடையத் தெரிந்தாலும் அடுத்தவன் நிலத்தில் குடைய முடியாது. 1886 அக்டோபர் 29இல் 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் குத்தகையில் 999 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான், 1887இல் வேலை தொடங்கியது. ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை அடித்துக்கொண்டு போனது, ஒருமுறையல்ல. மலேரியாவிலும் காலராவிலும் ஆட்கள் மடிந்தார்கள். சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் கல்லும் சேர்த்து அடித்தளத்திலிருந்து 176 அடி உயரத்துக்கு அணை எழுந்தது. மலைக்குள் 5,700 அடி நீளச் சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே இறங்கியது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். கம்பம் பள்ளத்தாக்கிலும் மதுரை, மேலூர்ப் பக்கங்களிலும் இன்று நெல் விளைவது அந்தக் கைமீராவின் தண்ணீரில்.

சொல்லையும் விதி விடவில்லை. இப்போது உயிரியலில் கைமீரா என்பது இருவேறு கருக்களின் செல்கள் கலந்து வளர்ந்த உயிரைக் குறிக்கும் சாதாரணக் கலைச்சொல். 1984இல் செம்மறியும் வெள்ளாடும் கலந்த ஒரு கைமீராவை கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டினார்கள். உடலில் சில இடங்களில் கம்பளி, சில இடங்களில் மயிர்.

பெரியாற்றுக் கதையில் மூன்று விதமான ‘முடியாது’ கலந்து கிடந்தது: பணம் போதாது, கருவி போதாது, உரிமை இல்லை. இவற்றைப் பிரித்துச் சொல்லாமல் ஒரே சொல்லில் மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்பதை நீதிமன்றங்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, செய்ய முடியாத செயலைச் செய்வதாக ஒப்புக்கொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. சட்டமே தரும் முதல் எடுத்துக்காட்டு, மந்திரத்தால் புதையல் எடுத்துத் தருவதாக ஒருவன் ஒப்புக்கொள்வது. சுத்தமான முயற்கொம்பு. அடுத்தடுத்த எடுத்துக்காட்டுகள் மண்ணுக்கு இறங்கிவிடுகின்றன: சரக்கு ஏற்றவேண்டிய துறைமுகம் இருக்கும் நாட்டோடு தன் அரசு போர் தொடுத்துவிடுகிறது, ஆறு மாதம் நாடகத்தில் நடிக்க முன்பணம் வாங்கியவர் நோயால் சில நாள் நடிக்க முடியாமல் போகிறது.

இந்த ‘முடியாது’ எவ்வளவு தூரம் நீளும்? 1953இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. கல்கத்தாவில் லேக் காலனி என்ற மனைப்பிரிவில் 101 ரூபாய் முன்பணம் கொடுத்து 1940இல் ஒருவர் மனைக்கு ஒப்பந்தம் போட்டார். சாலையும் சாக்கடையும் போட்டுத் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. அடுத்த ஆண்டே அரசு அந்த நிலத்தைப் போர்த் தேவைக்கு எடுத்துக்கொண்டது. செய்ய முடியாத நிலை வந்துவிட்டது, ஒப்பந்தம் முடிந்தது என்றது நிறுவனம். நீதிபதி பி.கே. முகர்ஜி எழுதிய தீர்ப்பு 56ஆம் பிரிவின் சொல்லை அகலப்படுத்தியது: உடலளவில் செய்யவே முடியாததை மட்டும் அது குறிக்கவில்லை, ஒப்பந்தத்தின் நோக்கத்தைப் பார்த்தால் நடைமுறைக்கு ஒவ்வாததும் பயனற்றதும் ஆகிவிட்டதையும் குறிக்கும். இவ்வளவு அகலப்படுத்திவிட்டு, இந்த வழக்கில் அது பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் கெடு எதுவும் இல்லை, போர்க்காலத்தில் தாமதம் வரும் என்பது இரு தரப்புக்கும் தெரிந்ததே. காத்திருப்பது முடியாமை ஆகாது.

1960இல் இன்னொரு வழக்கு. ராணுவத்துக்கு நெய் வாங்கித் தரும் முகவர்கள், போரால் செலவு எகிறிவிட்டது, பழைய விகிதம் பொருந்தாது என்று கூடுதலாகக் கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. எதிர்பாராத விலையேற்றத்தால் பாரம் கூடியது என்பதற்காக ஒப்பந்தம் இல்லாமல் போய்விடாது. வியாபாரியின் பேச்சில் சொன்னால், ‘கட்டுப்படியாகாது’ என்பது ‘முடியாது’ ஆகாது.

தமிழில் இந்தப் பிரிவுகளுக்குச் சொல் தேடி அலையவேண்டியதில்லை. பணத்தால் நடக்காததைக் கட்டுப்படியாகாது என்கிறோம். பட்டறையில் ஒரு கருவியைக் கையில் எடுத்துப் பார்த்த மாத்திரத்தில் ‘இது வேலைக்கு ஆவாது’ என்று சொல்வதும் தீர்மானமான தொழில்நுட்பக் கருத்து. யாழ்ப்பாணத்தில் ‘சரிவராது’ என்பார்கள், செய்யலாம் ஆனால் பொருந்தாது என்ற நிறம் அதில் உண்டு. சக்திக்கு மீறியதற்கு அங்கே ‘ஏலாது’. ‘கூடாது’ என்பதன் கதை சுவையானது. பழைய உரைநடையில் அது இயலாமையைக் குறித்தது. தமிழ் விவிலியத்தில் வரும் ‘கூடாத காரியம்’ என்பதற்கு நடக்க இயலாத காரியம் என்றுதான் பொருள், செய்யத் தகாத காரியம் என்றல்ல. இன்று ‘கூடாது’ தடையைக் குறிக்கிறது. இயலாமை விலக்காக மாறிவிட்டது.

அலுவலகங்களில் இந்த மாற்றம் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. விதி தடுக்கிறது என்றால் ‘கூடாது’ என்று சொல்லவேண்டும். அப்படிச் சொன்னால் எந்த விதி என்ற கேள்வி வரும். அதனால் ‘முடியாது’ என்று சொல்லிவிடுகிறோம். பணம் ஒதுக்க விருப்பமில்லை என்றால் ‘சாத்தியக்கூறு இல்லை’. இந்தச் சாத்தியக்கூறு ஒரு வசதியான சொல். யாரால், எதனால், எதுவரை என்று ஒன்றையும் அது சொல்வதில்லை. கிராமத்துக்குப் பேருந்து கேட்டு மனுக் கொடுத்தவர்கள் கையில் கடைசியில் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சொல்தான். சாலை அகலம் போதாதா, ஓட்டுநர் போதாதா, வசூல் போதாதா என்று தெரிந்தால் ஊர்க்காரர்கள் அடுத்த மனுவை வேறு விதமாக எழுதுவார்கள். காரணம் இல்லாத மறுப்பை எதிர்த்து எழுத வழியில்லை. அந்த மறுப்பும் ஒருவகை இல்வழக்குத்தான்.

ஆகவே அலுவல் தமிழ் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குதிரைக்கொம்பைப் பேச்சுக்கு விட்டுவிடுங்கள், அங்கே அது நன்றாகவே ஓடுகிறது. கோப்பில் ஒரு கோரிக்கையை மறுக்கும்போது ‘சாத்தியமில்லை’ என்று நிறுத்தாமல், கட்டுப்படியாகாது, கூடாது, கருவி இல்லை, ஆள் இல்லை என்பவற்றில் எது என்று எழுதுங்கள். பக்கத்தில் தொகையையோ விதி எண்ணையோ குறியுங்கள். கீழே தேதி போடுங்கள்.